மார்ச் கணக்கு வேண்டாம், செப்டம்பர் கணக்கைக் கொடுங்கள்

இன்று காலை மூன்று தொலைபேசி அழைப்புகள். மொத்தம் ஒரு மணி நேரம் பத்து நிமிடம். நான் கேட்டது ஒரே ஓர் எண். சென்ற செப்டம்பரில் எங்களுக்குப் பிடித்த மேல்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்த பிள்ளைகளில், தூரக் கணக்கில் கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு எத்தனை மைல் தள்ளி இருந்தது? பிள்ளையின் பெயரைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்கவில்லை. ஓர் எண். அது கிடைக்கவில்லை.

லண்டனில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த அக்டோபரில் வேறு பேச்சு ஓடாது. 31ஆம் தேதிக்குள் ஆறு மேல்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எதை வைத்து வரிசைப்படுத்துவது? எங்கள் பகுதியின் உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சில் வெளியிடும் கையேட்டை வைத்து. வீடு பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிலிருந்து தொடங்கி இடம் கொடுத்துக்கொண்டே போவார்கள்; கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்பது அதில் இருக்கும். எங்களுக்குப் பிடித்த பள்ளிக்கு நேரே 0.874 மைல் என்று இருக்கிறது. எங்கள் வீடு 1.02 மைல். சரி, இது நமக்கில்லை என்று அந்தப் பள்ளியை அடித்துவிட்டோம். மகள் அன்று இரவு சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கும் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்காவைப் பார்த்தேன். அவருடைய மகன் அதே பள்ளியில்தான் படிக்கிறான். மார்ச்சில் இடம் கிடைக்கவில்லையாம், ஜூலையில் காத்திருப்போர் பட்டியலிலிருந்து கூப்பிட்டார்களாம். அவர் வீடு எங்கள் வீட்டைவிடத் தூரம்! அப்படியானால் நான் பத்து நாட்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்த 0.874 என்ன எண்?

அது மார்ச் 1ஆம் தேதி எண். முதல் சுற்றில் இடம் ஒதுக்கிய அன்றைய நிலவரம். அதற்குப் பிறகுதான் எல்லாம் நகர்கிறது. ஒரு பிள்ளை தனியார் பள்ளிக்குப் போகிறது, ஒரு குடும்பம் ஊர் மாறுகிறது. காலியான இடத்துக்கு இன்னொரு பிள்ளை வருகிறது, அந்தப் பிள்ளை கையில் வைத்திருந்த வேறொரு பள்ளியின் இடம் காலியாகிறது. கோடை முழுவதும் இந்தச் சங்கிலி ஓடும். காத்திருப்போர் பட்டியலைக் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும் என்று சேர்க்கை விதித் தொகுப்பே சொல்கிறது. அவ்வளவு மாதங்கள் நகரும் ஒன்றின் முதல் நாளை மட்டும் அச்சிட்டு என் கையில் கொடுத்துவிட்டு, இதைப் பார்த்து உன் பிள்ளையின் அடுத்த ஐந்து ஆண்டுகளை முடிவு செய் என்கிறார்கள்.

அதனால்தான் தொலைபேசியை எடுத்தேன். முதலில் பள்ளி அலுவலகம். "அந்த விவரமெல்லாம் கவுன்சிலிடம்தான் இருக்கும்."

கவுன்சிலில் முப்பத்தெட்டு நிமிடக் காத்திருப்பு. பிறகு ஒருவர் எடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். "அது அகாடமி பள்ளி, எங்கள் நிர்வாகத்தில் இல்லை. சேர்க்கை அதிகாரம் பள்ளிக்குத்தான், நீங்கள் அவர்களைத்தான் கேட்க வேண்டும்."

"அவர்கள் உங்களைக் கேட்கச் சொன்னார்கள்."

"நாங்கள் மார்ச் 1 விவரம் மட்டும்தான் வெளியிடுகிறோம்."

"ஜூலையில் பட்டியலிலிருந்து இடம் கொடுத்தபோது கடிதம் அனுப்பியது யார்?"

"நாங்கள்தான்."

"அந்தப் பிள்ளைகளின் முகவரி உங்கள் கணினியில் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"ஒவ்வொரு வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம்?"

"அதுவும் இருக்கிறது."

"அதில் பெரிய எண் எது என்று சொல்லுங்கள்."

"அப்படி ஓர் அறிக்கை நாங்கள் தயாரிப்பதில்லை."

எனக்குத் தலை சுற்றியது. எண் இருக்கிறது, அவர் முன்னால் இருக்கும் இயந்திரத்திலேயே இருக்கிறது, ஆனால் யாரும் கேட்காததால் இல்லாததாகிவிட்டது. நான் கேட்கிறேனே! தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள், 20 வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்றார். இன்று அக்டோபர் 6. நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன். இருபதாவது வேலை நாள் நவம்பர் 3. விண்ணப்பம் மூடுவது அக்டோபர் 31. இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வேண்டுமானால் எழுதிப் போடுங்கள்" என்றார்.

மூன்றாவது அழைப்பு மறுபடியும் பள்ளிக்கு. அந்த அம்மா சொன்ன வார்த்தைதான் இப்போதும் என்னைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. "படிவத்தில் போட்டுப் பாருங்கள், கிடைத்தாலும் கிடைக்கும்."

போட்டுப் பார்ப்பதா? முதல் இடத்தில் எழுதினாலும் மற்ற ஐந்து பள்ளிகளில் என் மகளுக்கு உள்ள வாய்ப்பு குறையாது என்பது எனக்குத் தெரியும், விதிகளைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஆனால் இருப்பது ஆறு கட்டங்கள். நடக்கவே நடக்காத ஒன்றுக்கு ஒரு கட்டத்தைக் கொடுத்தால், எட்டக்கூடிய ஒரு பள்ளி வெளியே போகிறது. ஆறும் தவறினால் எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே அனுப்புவார்கள். இரண்டு பஸ் மாறிப் போகப்போவது பதினொரு வயதுப் பிள்ளை.

அரசு ஜூன் மாதத்தில் நாடு முழுவதற்கும் வெளியிடும் புள்ளிவிவரத்தையும் தேடிப் பார்த்தேன். அதுவும் இடம் ஒதுக்கும் நாளோடு நின்றுவிடுகிறது. பழைய கையேடுகளை எடுத்தேன். ஓர் ஆண்டு மைலில், ஓர் ஆண்டு மீட்டரில். ஓர் ஆண்டு 180 இடங்கள், அடுத்த ஆண்டு 210. முப்பது பிள்ளைகள் கூடுதலாகச் சேர்ந்தால் தூரம் நீளாதா? அதைப் பற்றி அடிக்குறிப்பில் ஒரு வரி கிடையாது. பக்கத்துக் கவுன்சிலின் கையேட்டில் நேர்கோட்டுத் தூரம் ஒரு பள்ளிக்கு, நடைபாதைத் தூரம் இன்னொரு பள்ளிக்கு. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடத் தாள் தாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டு இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். எனக்காவது இதைத் துருவிப் படிக்க ஆங்கிலம் இருக்கிறது. போன வருடம் வந்து இறங்கிய குடும்பம் என்ன செய்யும்? யாரோ ஓர் அக்காவைத் தெருவில் சந்திக்கும் அதிர்ஷ்டம் அவர்களுக்கும் இருக்க வேண்டுமா?

செப்டம்பர் கடைசியில் ஒரு முறை, தூரக் கணக்கில் இடம் பெற்ற பிள்ளைகளின் பட்டியலைத் தூரப்படி வரிசைப்படுத்தி, கடைசி எண்ணை மார்ச் எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். அரை நாள் வேலை.

தொலைபேசியை வைத்துவிட்டுப் பள்ளியின் இணையதளத்தை மறுபடி திறந்தேன். சேர்க்கைப் பக்கத்தில் 2022 எண்தான் கிடக்கிறது. அடுத்த பக்கம் சீருடை. கோட்டு, டை, விளையாட்டுச் சட்டை, ஒவ்வொன்றிலும் பள்ளிச் சின்னம், ஒரே ஒரு கடையில்தான் வாங்க வேண்டும். விலைப் பட்டியலைப் போன மாதம்தான் புதுப்பித்திருக்கிறார்கள், பென்ஸ் வரை சரியாக.