படபடப்புக்கு ஹிப்னோதெரபி: எதை எதிர்பார்த்துப் போகலாம்?

தீராத பதற்றத்துக்கு ஹிப்னோதெரபி, அதாவது உடல் தளர்ந்து மனம் ஒன்றில் குவியும் ஹிப்னாசிஸ் நிலையில் பேசித் தரும் சிகிச்சை, பார்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் முதலில் தட்டும் கதவாக அது இருக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். வடசென்னையில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் வளர்ந்தவர்களுக்கு, "உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்" என்பது சிறு வயதிலிருந்து காதில் விழும் வசை. 1794-இல் தொடங்கிய, நாட்டின் பழமையான மனநல மருத்துவமனைகளுள் ஒன்று இத்தனை அருகில் இருந்தும், அந்தப் பெயரை வசையாகவே பழகிவிட்டதால், மனநல மருத்துவரைப் பார்ப்பது குடும்பத்துக்கே அவமானம் என்று ஒதுங்குகிறோம். மாத்திரை இல்லை, யாருக்கும் தெரியாது, ஒரே அமர்வில் குணம் என்ற ஹிப்னோதெரபி விளம்பரம் கண்ணில் படும்போது, அந்த வெட்கமே நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோ சுரங்கத்துக்குள்தான் ஓடுகிறது. அந்தச் சுரங்கத்தில் எனக்கு மூச்சு அடைத்து, உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியபோது எதிர்வீட்டு அக்கா மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். அவருடைய அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கயிறும் கட்டிக்கொண்டேன், பொது மருத்துவரிடமும் போனேன். ஈ.சி.ஜி., தைராய்டு, ரத்த சோகை மூன்றையும் அவர் பார்க்கச் சொன்னார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் கை நடுக்கமும் வரும் என்பதால், உடலைப் பார்க்காமல் மனதுக்கு மட்டும் சிகிச்சை தொடங்குவது ஆபத்து. உடலில் குறையில்லை என்று உறுதியான பிறகே மனநல மருத்துவரையும், அவர் பரிந்துரைத்த மருத்துவ உளவியலாளரையும் பார்த்தேன். எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் சி.பி.டி. சிகிச்சைதான் எனக்கு அடிப்படை. ஹிப்னாசிஸ் அதற்குத் துணையாகச் சேர்ந்தது. பதற்ற நோய்க்கு வலுவான ஆய்வு ஆதாரம் உள்ளவை சி.பி.டி.யும் சில மருந்துகளும் என்பதால், இந்த வரிசையே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

ஹிப்னோதெரபி அறையில் என்ன நடக்கும் என்பதுதான் பலருக்கும் இருக்கும் அச்சம். முதல் நாள் என்னைக் கண்ணை மூடவே சொல்லவில்லை. எப்போது பயம் வருகிறது, தூக்கம் எப்படி, என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அடுத்து வந்தபோது ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, பாதத்திலிருந்து ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்தச் சொல்லி, எண்ணிக்கொண்டே நிதானமாகப் பேசினார்கள். சினிமாவில் காட்டுவது போல நினைவு தப்பவில்லை. சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது தெளிவாகக் கேட்டது. அது கேட்டும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை என்பதே வித்தியாசம். விரும்பினால் கண்ணைத் திறந்து எழுந்திருக்கலாம், சொல்ல விரும்பாத எதையும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. பிறகு ரயில் சுரங்கத்துக்குள் நுழைவதைக் கற்பனை செய்யச் சொல்லி, மூச்சை நீட்டி விடும்போது கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தப் பழக்கினார்கள். வீட்டில் தினமும் கேட்டுப் பழக அவர்கள் குரலையே கைப்பேசியில் பதிவு செய்து தந்தார்கள். பலன் பெரும்பாலும் இந்த வீட்டுப் பயிற்சியில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். நாற்காலியில் சாய்ந்திருந்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று போகிறவர் ஏமாற்றத்துடன்தான் திரும்புவார்.

எல்லோருக்கும் ஒரே ஆழம் கிடைக்காது. ஹிப்னாசிஸுக்கு உட்படும் தன்மையை அளக்க 1959-இலேயே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அளவுகோல் உருவாக்கினார்கள். மிக எளிதாக உட்படுபவர்கள் ஏறக்குறைய 10 முதல் 15 விழுக்காடு, அரிதாகவே உட்படுபவர்களும் அதே அளவு, மற்ற அனைவரும் இடைப்பட்டவர்கள். ஆழமாகப் போக முடியாதது மன உறுதியின் குறையும் அல்ல, எளிதில் உட்படுவது மூளைக் கோளாறும் அல்ல.

சிலவற்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முற்பிறவியைக் காட்டுகிறேன், மறந்துபோன நினைவைத் தோண்டி எடுக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள். ஹிப்னாசிஸ், அதில் எழும் நினைவு உண்மையென்ற நம்பிக்கையைக் கூட்டுமே தவிர, அந்த நினைவின் துல்லியத்தைக் கூட்டாது. நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பி, உறவுகளையே முறித்துக்கொள்ளும் நிலை வரலாம். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக நம்புவது போன்ற அறிகுறிகள் இருந்தால் ஹிப்னோதெரபி வேண்டாம், நேராக மனநல மருத்துவரிடம் போக வேண்டும். சாப்பிடும் மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்பவரை நம்பாதீர்கள். திடீரென்று நிறுத்துவது பதற்றத்தை அதிகமாக்கக்கூடும். சில நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிப் பலகை வைத்தவர்களும் இருப்பதால், மனநல மருத்துவரா, ஆர்.சி.ஐ. என்னும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் கண்ணை மூடி உட்கார வேண்டியதில்லை. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னாலும் எழுந்து வாருங்கள். பெண்கள் உடன் ஒருவரை அழைத்து வர விரும்பினால் அது நியாயமான கோரிக்கை.

செலவுக்கு வழியில்லாதவர்கள் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுப் புறநோயாளிச் சீட்டிலிருந்து தொடங்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக, எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

எனக்கு இப்போதும் மண்ணடி தாண்டும்போது நெஞ்சு சற்று வேகமாக அடிக்கும் நாள்கள் உண்டு. ஆனால் பாதியில் இறங்கிவிடுவதில்லை. நீங்களும் முதல் அமர்விலேயே, எந்தக் காரியத்தைச் செய்ய முடியாமல் இருக்கிறது என்பதைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சில அமர்வுகளுக்குப் பிறகும் அந்தக் காரியத்தில் மாற்றமில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, உங்களை அனுப்பிய மருத்துவரிடமே திரும்பிப் போய் வேறு வழி கேளுங்கள்.