படத்தில் இல்லாத இஸ்திரி வண்டி

(மேற்கு மாம்பலம். லேக் வியூ ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெரு. 1980-களில் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம், அதன் நிழலில் இஸ்திரி வண்டி. எல்லம்மா ஒரு கஞ்சி போட்ட வேட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது மாடி சாமிநாதன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றை அக்குளில் சுருட்டி வைத்துக்கொண்டு வருகிறார். சட்டை வாங்க வந்தவரின் நடைதான். ஆனால் யாரிடமாவது ஒரு செய்தியைச் சொல்லியே தீர வேண்டும் என்பது முகத்தில் தெரிகிறது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.)

சாமிநாதன்: எல்லம்மா, முடிவாகிவிட்டது. இந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். நான்கு மாடி போய்ப் பத்து மாடி!

எல்லம்மா: லிஃப்ட் உண்டா சார்?

சாமிநாதன்: மூன்று.

எல்லம்மா: இருக்கிற ஒரு லிஃப்டில் தீபாவளிக்கு ஒட்டிய ‘பழுது’ காகிதம் இன்னும் தொங்குகிறது. இனிமேல் மூன்று காகிதம் எழுத வேண்டும்.

சாமிநாதன்: உனக்குத் தூரப் பார்வையே கிடையாது. 2046-இல் சென்னை எப்படி இருக்கும் தெரியுமா? சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், போடும் மூன்றாவது முழுமைத் திட்டம் அதுவரைக்கும்தான்.

எல்லம்மா: 2046-இல் உங்களுக்கு என்ன வயது சார்?

சாமிநாதன்: (விரல்விட்டு எண்ணுகிறார். பாதியில் நிறுத்திவிட்டு) அது இப்போது எதற்கு? நகரத்தைப் பார். சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-இல் அதை 5,904 ஆக்கிவிட்டார்கள். அரக்கோணம் வரைக்கும் உள்ளே வந்துவிட்டது.

எல்லம்மா: (பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு) அரக்கோணமா?

சாமிநாதன்: அரக்கோணம்தான்.

எல்லம்மா: எனக்கு அதற்குப் பக்கத்துக் கிராமம் சார். கல்யாணமான புதிதில், பட்டணத்துக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு மூட்டையோடு ரயில் ஏறினோம். திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தால் பட்டணம் தானாக வந்து சேரும் என்று ஒரு மனிதர் சொல்லவில்லையே! டிக்கெட் காசாவது மிஞ்சியிருக்கும்.

சாமிநாதன்: வளர்ச்சி என்றால் அப்படித்தான்.

எல்லம்மா: ஊர் வளர்கிறதோ இல்லையோ, வெளியூர் பஸ் நிலையம் நன்றாக நடக்கிறது. முதலில் பிராட்வேயில் இருந்தது. 2002-இல் கோயம்பேட்டுக்குப் போனது. அங்கே கால் வலிக்க உட்கார்ந்திருந்துவிட்டு, 2023 கடைசியில் கிளாம்பாக்கம் போய்விட்டது. இருபது வருடத்துக்கு ஒரு நடை. அடுத்து திண்டிவனம். அதற்கும் அடுத்து, விழுப்புரத்தில் இருக்கிற என் மகளைப் பார்க்க வேண்டுமென்றால், விழுப்புரத்துக்குப் போய்த்தான் விழுப்புரம் பஸ் ஏற வேண்டும்.

(இந்தக் கணக்கில் எழுதுபவனுக்கும் முழு உடன்பாடு உண்டு.)

சாமிநாதன்: அதற்குத்தான் மெட்ரோ இருக்கிறதே! இரண்டாம் கட்டம் மட்டும் 118.9 கிலோமீட்டர். பனகல் பூங்காவுக்கு அடியில் சுரங்கம். ஓட்டுநரே இல்லாத ரயில், எல்லம்மா. அப்படியே தானாகப் போகும்.

எல்லம்மா: ஓட்டுநர் இல்லையா? அப்படியானால் நாம் முன்னால் போய் உட்காரலாமா?

சாமிநாதன்: (இதை அவர் யோசித்ததில்லை) ... உட்காரலாம் போலத்தான் இருக்கிறது.

எல்லம்மா: வந்ததிலிருந்து நீங்கள் சொன்னதிலேயே உருப்படியான செய்தி இதுதான்.

சாமிநாதன்: (உற்சாகமாகத் தாளை விரிக்கிறார். அது மறுபடி சுருண்டுகொள்கிறது) இதோ பார். பத்தாவது மாடியிலிருந்து ‘நீர்நிலைக் காட்சி’ என்று போட்டிருக்கிறார்கள்.

எல்லம்மா: எந்த நீர்நிலை?

சாமிநாதன்: பக்கத்து ரோட்டின் பெயரே லேக் வியூ ஆயிற்றே. இங்கே பெரிய ஏரி ஒன்று இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரையே உண்டாக்கினார்கள்.

எல்லம்மா: ஓகோ. 2015 டிசம்பரில் வந்தது அதுதானா? (சுவரில் மங்கிப்போன சுண்ணாம்புக் கோட்டைக் காட்டுகிறார்) என் வண்டிப் பலகைக்கு மேலே ஒரு சாண். பட்டா இல்லாத ஏரி வீட்டுக்குள்ளே வந்தது. பட்டா வைத்திருந்தவர்கள் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனீர்கள்.

சாமிநாதன்: புதுக் கட்டடத்தில் அந்தக் கவலை இல்லை. கீழே வீடே கிடையாது. வெறும் தூண்கள். கார் மட்டும்தான் நிற்கும்.

எல்லம்மா: கார் நீந்துமா? மழை வரப்போகிறது என்று சொன்னதுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, 2024-இல். 2046-இல் வீட்டுக்கு ஒரு மேம்பாலம் சேர்த்துக் கொடுப்பார்களா?

சாமிநாதன்: நீ நல்லதைப் பார்க்கவே மாட்டாய். குடிநீருக்குக் கடல் இருக்கிறது. நெம்மேலியில் 2024-இல் திறந்த ஆலை மட்டும் ஒரு நாளைக்குப் பதினைந்து கோடி லிட்டர்.

எல்லம்மா: நல்லதுதான் சார். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயிலில் வந்தது. அதற்கு நாலு வருடம் முன்னால் நாம் இதே தெருவில் படகில் போனோம். இந்த ஊரில் தண்ணீர் எப்போது எந்த வண்டியில் வரும் என்றே தெரியவில்லை.

சாமிநாதன்: காலத்துக்கு ஏற்ப மனிதர்களும் மாற வேண்டும், எல்லம்மா.

எல்லம்மா: போன வருடமே மாறிவிட்டேன். கரிப் பெட்டி போய் கேஸ் பெட்டி வந்துவிட்டது. மாறாமல் இருப்பது நீங்கள் சட்டைக்குக் கொடுக்கும் பத்து ரூபாய்தான்.

(சாமிநாதன் சட்டென்று வேப்பமரத்தின் அழகில் ஈடுபடுகிறார். எல்லம்மா தாளை வாங்கி, இரு கையாலும் இழுத்துப் பிடித்துப் பார்க்கிறார்.)

எல்லம்மா: இந்த வேப்பமரம் எங்கே சார் படத்தில்?

சாமிநாதன்: அங்கேதான் மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் போடும் இடம். பதிலுக்கு இதோ, நாலு மரம் வைக்கிறார்கள்.

எல்லம்மா: பனைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கிறது. ஒரு கைக்குட்டை அளவுக்குக்கூட நிழல் விழாது. (தாளைக் கண்ணருகே கொண்டுபோய்) இது யார், நீச்சல் குளத்துப் பக்கம் நிற்பவர்?

சாமிநாதன்: யாருமில்லை. கம்ப்யூட்டரில் வரைந்தது.

எல்லம்மா: சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. கால்சட்டையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. அந்த அம்மாவின் பருத்திச் சேலையைப் பாருங்கள், இடுப்பில் அமுங்கின தடம்கூட இல்லை. படம் முழுக்கத் தேடிவிட்டேன், வண்டியைக் காணோம். இவர்களுக்கெல்லாம் யார் சார் இஸ்திரி போட்டது?

(சாமிநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உண்மையாகவே தேடுகிறார்.)

சாமிநாதன்: ... பின்பக்கம் இருக்கலாம்.

எல்லம்மா: கட்டி முடிக்கிற வரைக்கும் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

சாமிநாதன்: (குரல் இறங்குகிறது) கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு. முப்பது மாதம் என்கிறார்கள்.

எல்லம்மா: கிளாம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயா! என் மகள் வீட்டுக்குப் போகும்போது எட்டிப் பார்க்கிறேன்.

சாமிநாதன்: சரி, அதை விடு. சாயங்காலம் பையனுக்கு வீடியோவில் இதைக் காட்ட வேண்டும், சுருண்டு சுருண்டு போகிறது. லேசாக ஒரு தேய்ப்பு தேய்த்துக் கொடு.

எல்லம்மா: வேண்டாம் சார். வழவழவென்று பாலியெஸ்டர் மாதிரி இருக்கிறது.

சாமிநாதன்: காகிதம்தானே, தேய்.

(எல்லம்மா தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியை வைக்கிறார். ஒரு மாதிரி வாடை. பெட்டியை எடுக்கிறார். தாளின் மேல்பாதி பெட்டியோடு சேர்ந்து எழுந்து வருகிறது.)

சாமிநாதன்: ஐயோ! பத்தாவது மாடி!

எல்லம்மா: ஐந்திலிருந்தே போய்விட்டது சார். (பலகையில் மிஞ்சியதைத் தடவிப் பார்த்து) கீழே நாலு மாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது இருப்பதும் நாலுதானே?

சாமிநாதன்: (நெடுநேரம் கழித்து) என் சட்டையைக் கொடு. எவ்வளவு?

எல்லம்மா: மூன்று சட்டை, முப்பது. அப்புறம் பெட்டியிலிருந்து ஆறு மாடியைச் சுரண்டி எடுக்க வேண்டும். மாடிக்கு ஐந்து ரூபாய்.