மீற்றரைப் பார்க்க முதல் சுத்தியலைத் தூக்காதேங்கோ

தண்ணீர்ப் பைப்பில் ஒழுக்குப் பார்க்க என்று ஒருவர் வீட்டுக்கு வருகிறார். நேரே பாத்ரூமுக்குள் போய்ச் சுவரில் நாலு தட்டுத் தட்டி, "இதுக்குள்ளதான் லீக், உடைக்க வேணும்" என்கிறார். வந்து பத்து நிமிடம் ஆகவில்லை. மீற்றரைப் பார்க்கவில்லை, தாங்கிக்கு ஏறவில்லை, ஒரு வால்வைக்கூடப் பூட்டிப் பார்க்கவில்லை. பொழுதுபடுகிறதுக்குள் ஆறு ரைல்ஸ் தூள். சீமெந்துக் காசு, கூலி, அதுக்கு மேலே வந்து பார்த்த காசு. அடுத்த மாதத் தண்ணீர்ப் பில் ஒரு சதம் குறையாமல் அப்படியே வருகிறது. கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

ஒழுக்குப் பார்ப்பது என்றால் அளப்பது. உடைக்கிறது அதுக்குப் பிறகு, இடம் தெரிந்து, வீட்டுக்காரர் சம்மதித்த பிறகு. பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, அம்மாவும் அப்பாவும் தனிய இருக்கிற வீடென்றால் இன்னும் மோசம். ஈரச்சுவரின் படம் ஒன்று வட்ஸ்அப்பில் போகும், காசு வரும், சுவர் உடையும். வயது போனவர்களின் பயத்தை வைத்து உழைக்கிற வேலை இது. இதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பேசாமல் இருக்கிறது?

வருகிறவருக்கு வேலை தெரியுமா என்பது ரெலிபோனிலேயே பிடிபடும். சபைத் தண்ணியா (தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பைப்பில் தருகிறது), கிணறா, இரண்டுமா என்று கேட்க வேண்டும். தாங்கி எத்தனை லீற்றர், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், ஈரம் எப்போது கூடுகிறது என்ற கேள்வி. எந்த நேரமும் ஒரே மாதிரி ஈரமென்றால் தண்ணீர் வருகிற பைப். ஆள் குளித்த பிறகு மட்டுமென்றால் கழிவுப் பைப், அல்லது ரைல்ஸ் இடுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டுமென்றால் மேல் பிளாற், அதாவது கொங்கிறீற் கூரை. இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே எத்தனையோ சுவர்கள் தப்பியிருக்கும்.

வந்தவர் முதலில் குனிய வேண்டிய இடம் மீற்றர். அதன் முகத்தை நீங்களும் ஒருக்கா வடிவாகப் பாருங்கோ. கறுப்பு இலக்கங்கள் அலகு. ஓர் அலகு 1000 லீற்றர். சிவப்பில் இருப்பது அலகின் பகுதிகள். பக்கத்தில் ஒரு குட்டிச் சில்லு, நட்சத்திரம் போலவோ முக்கோணம் போலவோ இருக்கும். வீட்டில் எல்லாப் பைப்பும் பூட்டியிருக்க அது ஒரே பக்கமாகச் சுற்றினால் தண்ணீர் எங்கேயோ போகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் சும்மா ஆடினால் அது அழுத்தம் ஏறி இறங்குகிற ஆட்டம், அதை ஒழுக்கென்று சொல்லக் கூடாது. சிவப்பு இலக்கத்தை எழுதி, 30 நிமிடம் பொறுத்து மறுபடி எழுத வேண்டும். 6 லீற்றர் கூடியிருந்தால் நிமிடத்துக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு, 200 மில்லிலீற்றர். அது நாளுக்கு 288 லீற்றர், மாதத்துக்கு எட்டரை அலகுக்கு மேல். அலகு கூடக் கூட அலகின் விலையும் ஏறுகிற பில்லில் அது எவ்வளவு காசு என்று யோசித்துப் பாருங்கோ.

இந்த இடத்தில் நடக்கிற பிழையைத்தான் பொறுக்கவே முடியவில்லை. மேல்தாங்கிக்குள் மிதவைக் குண்டு பூட்டிய வால்வு இருக்கிறது. தாங்கி நிரம்பிக்கொண்டிருந்தால் மீற்றர் சுற்றத்தான் செய்யும்! அதைக் காட்டி "நிலத்துக்குள்ள வெடிச்சிருக்கு" என்று முற்றத்தைக் கிண்ட வைக்கிறார்கள். அளக்க முதல் தாங்கி நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் தாங்கிக்குப் போகிற பைப்பைப் பூட்ட வேண்டும். நின்றிருந்த சபைத் தண்ணீர் அப்போதுதான் திரும்ப வந்திருந்தால், பைப்புக்குள் நிற்கிற காற்றும் மீற்றரைச் சுற்றும். ஒரு பைப்பைத் திறந்து, சீறல் அடங்கித் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் கணக்கு.

பிறகு வீட்டுப் பக்க வால்வைப் பூட்ட வேண்டும். மீற்றர் நின்றால் ஒழுக்கு வால்வுக்கு அங்கால், வீட்டுக்குள். நிற்காவிட்டால் மீற்றருக்கும் வால்வுக்கும் நடுவில், அல்லது வால்வே பிடிக்கவில்லை. பிடிக்கிறதா என்று அறிய, வால்வுக்கு அங்கால், தாங்கிக்குப் போகாமல் சபைத் தண்ணீர் நேரே வருகிற ஒரு பைப்பைத் திறந்து தண்ணீர் முற்றாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். மீற்றர் வரைக்கும் சபையின் பொறுப்பு. அதற்கு முன்னால் ஒழுகினால் சபையின் 1939 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கோ, நீங்கள் மேசன் பிடிக்காதேங்கோ.

கிணற்றுத் தண்ணி வீட்டில் மீற்றர் இல்லையே என்று ஒருவரும் தப்ப முடியாது. அங்கே தாங்கிதான் மீற்றர். இரவு பத்து மணிக்கு ஒரு தடியைத் தாங்கியின் அடிமட்டும் இறக்கி, ஈரம் நின்ற இடத்தில் பேனையால் கோடு போட வேண்டும். தண்ணீர் வெளியேறுகிற வால்வுகள் எல்லாம் பூட்டு, மோட்டரும் நிற்பாட்டு. காலை ஐந்து மணிக்கு அதே தடி, இன்னொரு கோடு. தாங்கியின் உள் அகலம் 110 சென்ரிமீற்றர் என்றால், கோடு ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் ஒன்பதரை லீற்றர் போயிருக்கிறது. கோடு அசையாவிட்டால் அடுத்த இரவு வால்வுகளைத் திறந்து, ஒரு பைப்பும் பாவிக்காமல் அதே அளவை. பாத்ரூமுக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று தனித்தனி வால்வு இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க, எந்தப் பைப்பில் என்பது தானாக வெளிக்கும். இதுக்கு ஒரு மெசினும் தேவையில்லை.

வால்வெல்லாம் பூட்டியும் தாங்கி இறங்குகிறது, ஆனால் அடியில் ஒரு துளி ஈரமில்லை. அப்போது எங்கே பார்க்க வேண்டும்? மோட்டரில் இருந்து மேலே வருகிற பைப்பின் நுனியை. அது தாங்கித் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்து, கிணற்றடிப் புட் வால்வும் (ஏறின தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத வால்வு) பிடிக்காவிட்டால், மோட்டர் நின்றதும் ஏற்றின தண்ணீர் வந்த வழியே கிணற்றுக்கு இறங்கிவிடும். நுனியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கி வெட்டினால் அன்றே நின்றுவிடும். இதுக்குப் போய்ப் பாத்ரூம் தரையை உடைத்திருக்கிறார்கள்.

இரண்டு தண்ணியும் உள்ள வீடுகளில் இதைவிடக் கொடுமை. சபைப் பைப்பையும் கிணற்றுப் பைப்பையும் ஒன்றாகத் தொடுத்து, நடுவில் ஒரேயொரு வால்வை வைத்துவிட்டுப் போகிறார்கள். எங்கட யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு படிந்து அந்த வால்வு பிடிக்காமல் போக, சபைத் தண்ணீர் சத்தமில்லாமல் கிணற்றுக்குள் போகும். சுவரில் ஈரமே இராது, பில் மட்டும் ஏறும். சபைத் தண்ணீர் நிற்கிற நேரம் எதிர்ப்பக்கமாகக் கிணற்றுத் தண்ணீர் குடிதண்ணீர்ப் பைப்புக்குள் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த அவலத்தைக் கண்ட ஊர் இது. தாளையடியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் எடுக்கக்கூடிய நிலையத்தை 2024 இல் திறந்து, கடல் தண்ணீரை உப்பகற்றிக் குடாநாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தத் தண்ணீருக்கா இந்தக் கதி? இரண்டு பைப்பும் எந்த இடத்திலும் தொடக் கூடாது. தாங்கியும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

கொமெட்டைப் பார்க்காமல் சுவரைத் தொடுகிறவருக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ. பலகாரத்துக்குப் போடுகிற சிவப்புக் கலரிங் கொஞ்சத்தைச் சிஸ்ரேனுக்குள் விட்டு, 30 நிமிடம் தண்ணீர் அடிக்காமல் பொறுங்கோ. கொமெட் கோப்பைக்குள் சிவப்பு இறங்கினால் சிஸ்ரேனின் அடியில் உள்ள றப்பர் வாசர் தேய்ந்துபோயிற்று. சின்னச் சாமான் ஒன்று மாற்றினால் முடிகிற வேலை.

இப்போது மெசினோடும் வருகிறார்கள். மெசின் நல்லதுதான், ஆனால் அது என்ன காட்டுகிறதென்று தெரிந்திருக்க வேண்டாமா? நிலத்தில் காது வைத்துக் கேட்கிற கருவிக்கு ஒழுக்குச் சத்தம் வேண்டும். சத்தத்துக்கு அழுத்தம் வேண்டும். ஐந்து மீற்றர் உயரத் தாங்கியில் இருந்து வருகிற தண்ணீருக்கு அரை பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) அழுத்தம்தான். இரும்புப் பைப் மாதிரி பிவிசி சத்தத்தைக் கடத்தவும் மாட்டாது. அந்த வீட்டில் ஐந்து நிமிடம் காதில் மாட்டிக்கொண்டு நடந்து "இங்கேதான்" என்பது பொய். ஈரமானியின் இரண்டு ஊசியையும் சுவரில் குத்தினால், உப்பேறிய பூச்சில் ஈரம் குறைவாக இருந்தாலும் முள் மேலே போகும். வெப்பக் கமெரா சுவருக்குள்ளே பார்ப்பதில்லை, மேற்பரப்பின் சூட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டும். வலிகாமத்துச் செம்மண்ணும் அதற்கடியில் வெடிப்பும் துளையுமாக உள்ள சுண்ணாம்புக்கல்லும் தண்ணீரைக் கீழே இழுத்துவிடும். அதனால் முற்றம் காய்ந்திருக்கிறது, நிலத்தில் ஒழுக்கில்லை என்று சொல்வதும் சரியில்லை.

சந்தேகமான பைப்பைத் தீர்க்கிற வழி அழுத்தச் சோதனை. பைப் வாய்களை அடைப்பானால் அடைத்து, சிஸ்ரேனையும் வோஷிங் மெசினையும் கழற்றிவிட்டு, கைப்பம்பால் 3 பார் ஏற்றி 30 நிமிடம் அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் அந்தப் பைப்பில் ஒழுக்கு. ரைப் 1000 என்ற வகைப் பைப் 10 பார் தாங்குமென்று இருபது வருடப் பைப்பில் பத்தும் ஏற்றினால், இல்லாத ஒழுக்கையும் உண்டாக்கிவிடும். ரைல்ஸ் இடுக்கில் சந்தேகமென்றால் பாத்ரூம் தரைத் துளையை அடைத்து, இரண்டு சென்ரிமீற்றர் தண்ணீர் கட்டி 24 மணித்தியாலம் விட்டு, ஈரம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் செய்ய இரண்டு மணித்தியாலமாவது வேண்டும், இரவு அளவையும் தரைச் சோதனையும் வேறு. நீங்களும் மீற்றர்ப் பெட்டித் திறப்பு, கடைசி மூன்று பில், இரண்டு வாளி தண்ணீர் என்று ஆயத்தமாக இருங்கோ. பார்க்கிற காசு எவ்வளவு, திருத்துகிற காசு எவ்வளவு என்று முதலே தனித்தனியாகக் கேளுங்கோ. முடிவைத் தாளில் எழுதி வாங்குங்கோ: அளந்த இலக்கங்கள், எந்தப் பைப், எந்த இடம், எப்படித் தெரிந்தது. எழுத மறுக்கிறவரிடம் சுத்தியலைக் கொடுக்காதேங்கோ.

உடைத்தாலும் முதலில் ஓரடிச் சதுரம்தான். பிவிசி பைப்பின் மூட்டை ஈரத்தோடு ஒட்டினால் கம் (பசை) பிடிக்காது. நேராக வெட்டி, பிசிறு சுரண்டி, துணியால் காயத் துடைத்து, இரண்டு பக்கமும் பூசி, உள்ளே தள்ளும்போது கால் சுற்றுத் திருப்பி, 30 செக்கன் அமத்திப் பிடிக்க வேண்டும். பித்தளைச் சாமான் ஏறுகிற பிளாஸ்ரிக் புரிக்கு ஒழுகாமல் சுற்றுகிற ரேப்பை மொத்தமாகச் சுற்றி இறுக்கினால், புரி உள்ள சொக்கற் வெடிக்கும், பழைய ஒழுக்குகளில் கனக்க இதால் வந்ததுதான். கம் காய விட்டு, தண்ணீர் திறந்து, துவாரத்தை மூடாமல் ஓர் இரவு விடுங்கோ. மேசன் "இப்பவே பூசிவிடுறன்" என்று நிற்பார், விடாதேங்கோ. காலையில் மூட்டைக் காய்ந்த துணியால் தடவி, மீற்றரின் சிவப்பு இலக்கத்தை முதல் நாள் இரவு எழுதினதோடு பார்த்து, அசையவில்லை என்றால் மட்டும் சீமெந்து குழையுங்கோ.