இருபத்திரண்டு விநாடி

நான் ரிவ்யூ எழுதிய ஒரு பெண்ணின் ஆல்பத்தைக் கேலி செய்து ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். நேற்றிலிருந்து பதினைந்து பேராவது அந்த வீடியோவை இன்பாக்ஸில் அனுப்பி "பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டீர்கள். பார்த்தேன். கீழே என் பெயரையும் டேக் செய்து வைத்திருக்கும்போது பார்க்காமல் எப்படி இருப்பது? யார் போட்டது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இங்கிருந்தும் நூறு பேர் போய் அவருக்கு வியூ ஏற்றுவீர்கள்.

எனக்கு ஒரே கேள்விதான். அந்த ஆல்பம் 41 நிமிடம். அவர் கேட்டது 22 விநாடி. அதை வைத்துக்கொண்டு "ஃப்ரிட்ஜ் சத்தத்துக்கெல்லாம் ரிவ்யூ எழுதுறாங்கப்பா" என்று ஒருத்தர் உழைப்பைச் சந்தி சிரிக்க வைக்கலாமா? ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. அந்த மெஷின் கணக்குப்படிகூட இவர் இன்னும் பாட்டைக் கேட்கவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, அது நிஜமாகவே ஃப்ரிட்ஜ் சத்தம்தான். என்னவோ துப்பறிந்துவிட்ட மாதிரி போட்டிருக்கிறார். நடுராத்திரியில் மைக்கைச் சமையலறையில் வைத்துப் பதிவு செய்தேன் என்று அந்தப் பெண்ணே ஆல்பம் பக்கத்தின் முதல் வரியில் எழுதியிருக்கிறார். ஒரு வரி படித்திருந்தால் போதும். ரயில் சத்தத்தைப் பதிவு செய்து, அடுக்கி, அதையே இசையாக்கி பியர் ஷேஃபர் என்பவர் பிரெஞ்சு வானொலியில் ஒலிபரப்பியது 1948இல். முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நமக்கு இன்னும் ஃப்ரிட்ஜ் என்றால் சிரிப்பு வருகிறது.

அவர் கேலி செய்த அந்த மூன்றாவது பாட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், என் ரிவ்யூவையும் பாதிப் பேர் படிக்கவில்லை என்று தெரிகிறது. ஃப்ரிட்ஜின் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அதிர்வு, ரொம்பக் கனத்த ஒலி. அதைச் சுருதிப் பெட்டி மாதிரி ஓடவிட்டு, மேலே சின்தசைஸரில் ஒரு பேஸ் ஒலியை மெதுவாகக் கொண்டுவருகிறார். அந்த பேஸ் 49 ஹெர்ட்ஸ், மேற்கத்திய இசையில் கீழ் ஜி ஸ்வரம். வேண்டுமென்றே மயிரிழை விலக்கி வைத்தது. இப்படி ஒரு ஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு ஒலி சேர்ந்தால் விநாடிக்கு ஒரு முறை சத்தம் பெருத்துச் சிறுக்கும். வீணைத் தந்தியைச் சுருதி சேர்க்கும்போது "வாவ் வாவ்" என்று கேட்குமே, அதேதான். அந்த அலையையே தாளமாகப் பிடித்துக்கொண்டு மூன்றாவது நிமிடத்தில் கிக் டிரம் விழுகிறது. ஐந்தாவது நிமிடத்தை நெருங்கும்போது டக்கென்று ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் நிற்கிறது. ஃப்ரிட்ஜ் நின்ற பிறகுதானே இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததே நமக்கு உறைக்கும்? அந்த அமைதி. பேஸ் தனியாக, துணையில்லாமல் நிற்கும். எனக்கு முதல் தடவை கேட்டபோது கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்தது. ஐந்தாவது நிமிடம். 22 விநாடியில் வராது.

அதுவும் எப்படிக் கேட்டிருக்கிறார்? ஒரு போனில் ஸ்பீக்கரைப் போட்டு, இன்னொரு போனால் வீடியோ எடுத்திருக்கிறார். போன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வராது சார். அது பாட்டின் தப்பில்லை, அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. மேலே மிதக்கிற இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டு, பாட்டே இல்லை என்கிறார். பாட்டு கீழே இருக்கிறது.

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. 2007இல் பரியல் (Burial) என்ற லண்டன் எலெக்ட்ரானிக் இசைக்காரரின் இரண்டாவது ஆல்பத்தை ஒரு நண்பன் கொண்டுவந்து கொடுத்தான். அப்போது அந்த ஆள் யார், என்ன பெயர் என்றுகூட யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரோடு வந்த இரண்டு சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். ஒரே கரகரப்பு. எழுந்து போய் வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். கரகரப்பு போகவில்லை. மறுபடியும் பிடுங்கிச் செருகினேன். "ஸ்பீக்கர் ரிப்பேர் சங்கீதமாடா இது?" என்று அவனிடம் கேட்டேன். அன்றைக்கு இந்த முகநூல் ரீச் எனக்கு இருந்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன், நாலு பேர் சிரித்திருப்பார்கள்.

அவன் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்தான். இருந்தது ஒரே ஒரு ஹெட்போன், அவனுடையது. அதை என் தலையில் மாட்டிவிட்டு "வாயை மூடிக்கிட்டு முழுசா கேளு" என்றான். கிட்டத்தட்ட 50 நிமிடம். நான் கேட்கிறேன், அவன் இருட்டில் எதுவும் கேட்காமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கரகரப்பு மழை மாதிரி, பழைய இசைத்தட்டு மாதிரி எல்லாவற்றையும் மூடியிருந்தது. அதற்கு அடியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஒலிகளைத் தாளத்தில் வரிசைப்படுத்தித் தரும் சீக்வென்ஸர்கூட இல்லாமல், ஒரு ஒலி எடிட்டரில் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து அடுக்கியது அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். புது இசையைப் பற்றி எழுதுகிற பழக்கம் எனக்கு அந்த ராத்திரியில் தொற்றியதுதான்.

சரி, இப்போது வருகிற கேள்விகளுக்கு வருகிறேன். "கருத்துச் சொல்ல உரிமையில்லையா?" இருக்கிறது. தாராளமாகச் சொல்லுங்கள், கேட்டுவிட்டு.

"நேரம் எங்கே இருக்கு, வெள்ளிக்கிழமை ஆனால் எத்தனை ஆயிரம் பாட்டு வந்து கொட்டுது?" இது நியாயமான கேள்வி. நானும் ஸ்கிப் செய்கிறவன்தான். பத்தில் எட்டை முதல் நிமிடத்திலேயே தள்ளிவிடுகிறேன், அந்த எட்டில் எத்தனை நல்லது போனதோ. ஆனால் தள்ளிவிட்டதைப் பற்றி நான் ரிவ்யூ எழுதுவதில்லை. பிடிக்காவிட்டால் நகர்ந்து போவது வேறு, போகிற போக்கில் கல்லெறிவது வேறு.

கொஞ்சம் விஷயம் தெரிந்த ஒருவர், "பிட்ச்ஃபோர்க் என்கிற பெரிய அமெரிக்க ரிவ்யூ தளமே ஒரு ஆல்பத்துக்குப் பத்துக்கு 0.0 போட்டு, ரிவ்யூவுக்குப் பதிலாகக் குரங்கு வீடியோ வைத்ததே" என்று கமெண்ட் போட்டிருக்கிறார். ஆமாம், 2006இல், ஜெட் என்கிற ஆஸ்திரேலிய ராக் குழுவுக்கு. முதல் ஆல்பத்தை லட்சக்கணக்கில் விற்ற குழு அது, ஒரு குரங்கைத் தாங்கும். இங்கே ஒரு பெண் தனியாக அறையில் உட்கார்ந்து செய்தது. அதே பிட்ச்ஃபோர்க் 2001இல் டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இரட்டையரின் இரண்டாவது ஆல்பத்துக்கு 6.4 போட்டுவிட்டு, 2021இல் பழைய மதிப்பெண்களை எடுத்துத் திருத்தியபோது அதற்கு 10 போட்டது. இருபது வருடம் கழித்து. அவர்களாவது முதல் தடவையும் முழுக்கக் கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

1982இல் பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், டிபி-303 என்கிற பேஸ் சின்தசைஸரை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு போட்டார். சீந்துவாரில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான், அதே டிபி-303 சத்தத்தில் பிறந்த ஆசிட் ஹவுஸ் நடன இசைக்கு ஐந்து வருடம் முன்பே இந்தச் சத்தமா என்று வாயைப் பிளந்தார்கள். 82லும் யாரோ ஒருவர் 22 விநாடி கேட்டுவிட்டுக் கையை உதறியிருப்பார்.

"நீ தெரிந்தவர்களை மட்டும் தூக்கிவிடுகிறாய், காசு வாங்குகிறாய்." இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். நான் எழுதிய ஆல்பங்களில் பெரும்பாலானவை கலைஞர்களே ஆல்பம் விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் என் கைக்காசு போட்டு வாங்கியவை. அந்தத் தளம் எடுத்துக்கொள்கிற 15 சதவீதம் போக மிச்சம் செய்தவருக்குப் போகட்டும் என்றுதான் வாங்குகிறேன். போன மாதம் ஒரு நண்பரின் ஆல்பத்துக்கு, இரண்டாம் பாதி தூங்கிவிட்டது என்று எழுதினேன். அவர் என்னை அன்ஃபிரண்ட் செய்துவிட்டார். அதை யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவில்லை. "பொண்ணுன்னா ரிவ்யூ நீளமா வருது" என்று எழுதியவருக்கு: என் நீளமான ரிவ்யூ எது என்று தேடிப் பாருங்கள். மீசை வைத்த நாலு பேர் வாசித்த, ஒரே ஒலி நீண்டு ஓடுகிற டிரோன் இசை ஆல்பம்.

"விளம்பரம்தானே, நல்லதுதானே" என்று ஒரு பெரிய மனுஷர். 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024இலிருந்து எதுவும் தருவதில்லை. இந்தப் பாட்டு முந்நூறைத் தாண்டவில்லை. கேலி வீடியோ நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த நாற்பதாயிரத்தில் எத்தனை பேர் பாட்டுக்கு வந்தார்கள் தெரியுமா? பதினொன்று. அந்தப் பெண்ணே சொன்னார். ராத்திரி ஆல்பத்தை மறைத்துவிட்டார். நான் பதறிப்போய் மெசேஜ் செய்தால், "ஃப்ரிட்ஜ்னு கரெக்டா கண்டுபிடிச்சிட்டாரே அண்ணா, அப்போ ரெக்கார்டிங் நல்லாத்தான் வந்திருக்கு" என்று பதில். என் ரிவ்யூ இல்லாவிட்டால் அந்த வீடியோக்காரர் கண்ணில் இது பட்டிருக்கவே பட்டிருக்காது. அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த வீடியோ போட்டவர் மேல் எனக்கு இப்போது அவ்வளவு கோபமில்லை. அவர் பிழைப்பு அது. கீழே சிரிப்பு ஸ்மைலி போட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரின் பட்டியலை, போகக் கூடாது என்று தெரிந்தும், உருட்டிப் பார்த்தேன். அதில் அவன் பெயர் இருந்தது. 2007இல் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தவன்.

டேய், இதைப் படிப்பாய் என்று தெரியும். ஃபைல் என்னிடம் இருக்கிறது, இப்போது நல்ல ஹெட்போனும் இருக்கிறது. மூன்றாவது பாட்டு, ஏழு நிமிடம். வந்து கேள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.