பெற்றோரை வெளியே நிறுத்தியதா நோயைத் தடுத்தது?
தொற்றுநோய் வார்டில் பெற்றோரை விடாததால்தான் அந்தக் காலத்தில் நோய் பரவவில்லை என்று இந்தக் கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தில் தொற்றுநோய்க்கென்றே இருந்த காய்ச்சல் ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளை வாரக்கணக்கில் பார்க்க விடாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர் கொடுத்து, உள்ளூர்ப் பேப்பரில் அந்த நம்பரைப் போட்டு நிலைமையை அச்சடித்தார்கள், உண்மைதான். ஆனால் அதே நாட்டில் நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற டாக்டர் 1920களிலேயே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தாய்மாரையும் தங்கவைத்தார், 1959இல் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் கமிட்டியும் பெற்றோர் வந்து பார்க்கத் தடை கூடாது என்றது. மேலே கருத்து எழுதிய ஒருவர், துணைக்கு இருக்கும் பாட்டிமார்தான் கிருமியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்கிறார். எல்லாரும் அப்படியா? சின்ன வயதில் எனக்குத் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) வந்து காரைக்குடியில் சேர்த்தபோது ஆயாதான் (என் பாட்டி) கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கூடவே கிடந்தார், கஞ்சித் தூக்கு தலைமாட்டில். மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்குப் போனால் முகப்பு வழியாக வரமாட்டார், பின்கட்டுக் கிணற்றடியில் குளித்து, உடுத்தியதை வெந்நீரில் ஊறப்போட்ட பிறகுதான் வளவுக்குள் கால் வைப்பார், அப்போதும் என் தம்பியைத் தூக்கமாட்டார். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. பிரித்துவைக்க வேண்டியது மற்றப் பிள்ளைகளிடமிருந்து, பெற்றவளிடமிருந்து இல்லை. அப்புறம், தொண்டை அடைப்பானைக் குறைத்ததில் தடுப்பூசிக்கு உள்ள பங்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?