சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சளா?

போன வாரம் ஆசிரியர் அறையில் ஒரு சண்டை. ஓவிய வகுப்புக்குக் கம்ப்யூட்டர் எதற்கு, பிள்ளைகளுக்குக் கை வராமல் போய்விடும் என்று மூத்தவர் ஒருவர் ஆரம்பித்தார். நானும் ஓவிய ஆசிரியர்தான். அவர் கேன்வா என்ற டிசைன் ஆப்பை மனதில் வைத்துப் பேசுகிறார் என்று புரிந்தது, அந்த மட்டில் எனக்கும் அவரோடு தகராறு இல்லை. யாரோ வரைந்து வைத்த டெம்ப்ளேட்டில் பெயரையும் போட்டோவையும் மாற்றுவது காதுகுத்து பேனருக்குச் சரி, ஏழாம் வகுப்புக்கு அது ஓவியமே கிடையாது.

நான் சொல்வது இங்க்ஸ்கேப். 2003-இல் வந்த, படம் வரையும் இலவச மென்பொருள், இன்டர்நெட் இல்லாத லேபிலும் ஓடும், பழைய மெஷினில் கொஞ்சம் முக்கி முனகி ஓடும். சின்னப் பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயின்ட் போதும்.

இங்க்ஸ்கேப்பில் நிறத்துக்கு ஆர், ஜி, பி என்று மூன்று பட்டைகள், பூஜ்ஜியத்திலிருந்து 255 வரை. சிவப்பையும் பச்சையையும் முழுசாகத் தள்ளி, நீலத்தைப் பூஜ்ஜியத்தில் விடச் சொன்னேன். பளீரென்று மஞ்சள். "சார், இது பொய் சொல்லுது சார்" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதில் தப்பே இல்லை, முந்தின வாரம்தான் போஸ்டர் கலரில் அதே இரண்டையும் குழைத்துச் சேற்று நிறத்தைப் பார்த்திருந்தாள். என் போனில் மஞ்சள் படத்தை வைத்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். துளி லென்ஸ் மாதிரி பெரிதாக்கிக் காட்டியதில் சிவப்பும் பச்சையுமாகக் குட்டிப் புள்ளிகள், மஞ்சள் எங்கேயும் இல்லை! பெயின்ட் வெளிச்சத்தை விழுங்கும், திரை வெளிச்சத்தை உமிழும் என்பதை அப்புறம் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, பாதி அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது சிக்குக் கோலம். கால்வாசி மட்டும் வரைந்து, அதை நகலெடுத்து 90 டிகிரி, 90 டிகிரியாகத் திருப்பி வைக்க வேண்டும். முதல் தடவை யாருக்கும் கோடு சேரவில்லை. தாளில் என்றால் கொஞ்சம் இழுத்து ஒட்டவைத்து ஏமாற்றிவிடலாம், இங்கே பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி பல்லிளிக்கும். கோட்டின் இரண்டு முனையும் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில், ஒன்று படுக்கைக் கோட்டிலும் மற்றது நெட்டுக் கோட்டிலும் விழ வேண்டும் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு பீரியட் ஆனது. வாசலில் ஆயாவுக்கு அதைப் புள்ளி பார்த்துக்கொள்கிறது.

மூத்தவர் பயப்படுவது முழுசாக வீணும் இல்லை. போட்ட கோட்டை ஒரே தட்டில் இல்லாமல் ஆக்கும் கன்ட்ரோல் இசட் பழகிய பையன் தாளுக்குத் திரும்பினால் பேனாவை வைக்கவே தயங்குகிறான், கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் என் வகுப்பில் முதலில் பென்சில், அதுவும் ரப்பர் கிடையாது, பிறகுதான் லேப்.

இதெல்லாம் வாரத்துக்கு ஒரே ஒரு பீரியடில். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அதை மீட்க ஏதாவது சாஃப்ட்வேர் இருந்தால் கமென்டில் சொல்லுங்கள்.