சிஸ்டம் நின்றால் யார் பதில் சொல்வது?

ஒரு நிறுவனத்தின் தலைமை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமா? வாங்கிப்போட்ட சிஸ்டம் படுத்துவிடும் நாளில் அங்கே யார் திட்டு வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. சிங்கப்பூரில் ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு. டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகளும் முடங்கின, சுமார் 2.5 மில்லியன் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. அந்த ஆண்டில் டிபிஎஸ்ஸுக்கு இது முதல் தடங்கலும் அல்ல. அவசியமற்ற தகவல்தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்திவைக்கும்படி, வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம் டிபிஎஸ்ஸுக்கு உத்தரவிட்டது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 10 பில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் சாதனை லாபம் வந்த அதே ஆண்டுக்கு, டிபிஎஸ்ஸின் அப்போதைய தலைமை நிர்வாகி பியூஷ் குப்தாவின் ஊக்கத்தொகையில் 30 விழுக்காடு, அதாவது 4.14 மில்லியன் வெள்ளி வெட்டப்பட்டது. மற்ற மூத்த நிர்வாகிகளுக்கும் குறைத்தார்கள். பணக்காரருக்கு அது பெரிய இழப்பா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் பழி கவுண்டரில் நிற்கும் ஊழியர் தலையில் விழவில்லையே, அதை நான் மதிக்கிறேன்.

இப்போது சிங்கப்பூரின் தொழிற்பேட்டைப் பகுதிகளான துவாஸ், ஜூரோங் பக்கத்துக் கிடங்குகளுக்கு வாருங்கள். மானியம் கிடைக்கிறது என்று புது மென்பொருள் வாங்குகிறார்கள். விற்க வந்தவர் ஏசி அறையில் செய்துகாட்டியபோது எல்லாம் ஓடியது. சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் பேயில் வெயிலில் திரை தெரியாது, கையுறையோடு தொட்டால் வேலை செய்யாது. கணக்கு இடித்தால் "நீ சரியா ஸ்கேன் பண்ணல" என்று ஊழியருக்குத்தான் ஏச்சு. சிவகங்கையிலிருந்து வந்த தம்பி எதிர்த்துப் பேசுவாரா? அவருடைய வொர்க் பெர்மிட்டே அந்த முதலாளியோடு கட்டுப்பட்டது. வாயை மூடிக்கொள்வார். மேலே போகும் அறிக்கையில் எல்லாம் சரி என்று பச்சைக் குறியாகத்தான் இருக்கும்.

டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் கடைப்பிடித்துவந்த வழி இது: கோளாறு கண்ட தொழிலாளி ஆண்டோன் என்ற எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். குழுத்தலைவர் உடனே வர வேண்டும். தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். கயிறு யார் கையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இழுத்தவரை ஏசாமல் இருக்க வேண்டும், அதுதான் தலைமை செய்ய வேண்டிய வேலை.

நிறுவனம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடும் முன், அந்தக் கருவியோடு நீங்களே ஒரு முழு ஷிஃப்ட் கிடங்கில் நில்லுங்கள். பக்கத்தில் அந்தத் தம்பியை நிறுத்திக்கொண்டு, அவர் சொல்வதை அவர் பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் அந்தத் தாளைக் கொடுத்த பிறகு விலை பேசுங்கள்.